கரைக் கோயில் எத்தனை காலத்துக்கு

1

இந்த வருஷம் சித்ரா பௌர்ணமியன்று என் செருப்பைக் கடல் கொண்டுபோய்விட்டது. புதுச் செருப்பு. தீபாவளிக்கு வாங்கி, காலைக் கடிக்கிறது என்று பெட்டியிலேயே வைத்திருந்து, அன்றைக்குத்தான் துணிந்து போட்டுக்கொண்டு போயிருந்தேன். கோயில் படிக்கட்டின் அடியில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தீபாராதனை முடிந்து, நெற்றி நிறைய குங்குமத்தோடு திரும்பி வந்து பார்த்தால் படிக்கட்டின் அடியையே காணோம். அந்த இடத்தில் கடல் இருந்தது. கொஞ்ச தூரத்தில் என் இடது கால் செருப்பு மட்டும், அவசரமே இல்லாமல், இந்தோனேசியாவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"குடுத்து வச்சவரு சார் நீங்க. அம்மா உங்க செருப்பையே வாங்கிக்கிட்டா லா," என்றார் வேலாயுதம் அண்ணன், இந்த ஊர்த் தமிழுக்கே உரிய 'லா' ஒன்றைக் கடைசியில் ஒட்டி. அவர்தான் கோயில் கமிட்டித் தலைவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கி, பிறகு கிரேன் ஓட்டி, ஓய்வு பெற்றவர். அவர் சொன்னதும் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். நான் வெறுங்காலோடு சேற்றில் நின்றுகொண்டு, பாக்கியவான் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள முயன்றேன்.

இந்தக் கோயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். கிள்ளான் துறைமுகத்துக்கு வடக்கே, அலையாத்தி மரங்களும் சேறுமாகக் கிடக்கும் கரையில், ஒரு காலத்தில் துறைமுகத் தொழிலாளிகள் தகரக் கொட்டகை போட்டு வைத்த மாரியம்மன். எல்லோரும் கரைக் கோயில் என்பார்கள். கோயில் வாசலிலிருந்து கடலுக்கு இறங்க சிமெண்டுப் படிக்கட்டு உண்டு. சித்ரா பௌர்ணமிதான் பெரிய திருவிழா. அன்று மாலை, நிலா கிளம்பும் நேரத்தில், கடல் படியேறி வரும். சமுத்திரராஜன் அம்மனின் பாதத்தைக் கழுவ வருகிறான் என்பது நம்பிக்கை. திருவிழா நோட்டீசிலேயே அதை அற்புதக் காட்சி என்று அச்சடிப்பார்கள். அதைப் பார்க்க சுங்கை வேயிலிருந்தும் செராஸிலிருந்தும் பஸ் பிடித்து ஜனம் வரும்.

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் பொங்குவது இயல்பு, அதிலும் சித்திரை மாதத்தை ஒட்டி இன்னும் அதிகமாகப் பொங்கும் என்பது எஞ்சினியர் வேலை பார்க்கிற எனக்குத் தெரியாமலா இருக்கும். திருவிழாவை முழு நிலவில் வைத்துக்கொண்டால் கடல் வராமல் என்ன செய்யும். ஆனால் கையில் பிரசாதத்தை வைத்துக்கொண்டு அதையெல்லாம் பேச எனக்கு மனம் வந்ததில்லை. நான் வந்த புதிதில் தண்ணீர் கீழ்ப்படியோடு நின்றது. அப்புறம் வருஷத்துக்கு வருஷம் மேலே வந்தது. அம்மனின் சக்தி பெருகிக்கொண்டே போகிறது என்று கமிட்டிக்குப் பரம சந்தோஷம்.

அந்த வாரத்தோடு நான் மலேசியாவுக்கு வந்து பதினைந்து வருடம் நிறைந்தது. செருப்பு போனதை அதற்கான கொண்டாட்டமாக எடுத்துக்கொண்டேன்.

2

என் சொந்த ஊர் தரங்கம்பாடி. அங்கே கடல் எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும், வீட்டுக்குள் பேசுகிறவர்கள் கூடக் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார்கள். கிள்ளான் கடலை முதலில் பார்த்தபோது இது கடல்தானா என்று எனக்குச் சந்தேகம். அலை இல்லை, சத்தம் இல்லை, ஏரி மாதிரி கிடந்தது. வந்து இறங்கிய வாரம் என் மனைவி வசந்தா அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, மரியாதை தெரிஞ்ச கடல்" என்றாள்.

எங்கள் ஊரில் கரையோரமாக ஒரு பழைய சிவன் கோயில் உண்டு. அதன் முன்பக்கத்தைக் கடல் அரித்துக்கொண்டு போயிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன் இடிந்த சுவரில் உட்கார்ந்து கடலை கொறிப்போம். அது ஏன் இடிந்தது, மிச்சமும் போய்விடுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. போன மாதம் என் தம்பி போனில் பேசினான். கோயில் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கடல் அங்கயேதான் இருக்கு. கோயில்தான் கொஞ்சம் குறைஞ்சிருக்கு," என்றான். அதற்குப் பிறகு கிரிக்கெட் பற்றிப் பேசினோம்.

என் ஆபீஸ் தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில். வடிகால், தடுப்புக்கரை, மதகு, இவற்றுக்கு வரைபடம் போடும் கம்பெனி. தினமும் கிள்ளானிலிருந்து பஸ். ஃபெடரல் ஹைவேயில் பஸ் நிற்கும் நேரத்தில் நான் முழு செய்தித்தாளையும் ராசிபலன் உட்படப் படித்து முடித்துவிடுவேன். எங்கள் ஆபீஸில் எதைக் கட்டினாலும் ஐம்பது வருஷம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது வழக்கம். ஏன் ஐம்பது என்று யாரும் கேட்கமாட்டார்கள். நானும் கேட்டதில்லை. கட்டுகிறவன், கட்டச் சொன்னவன் இரண்டு பேருமே ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் போனை எடுக்கமாட்டார்கள் என்பதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இங்கே நிரந்தரமாகத் தங்கலாம், ஆனால் குடிமகன் இல்லை என்று பொருள். குடிமக்களின் அட்டை நீலம். வங்கியிலும் தபால் நிலையத்திலும் சிவப்பு அட்டையை நீட்டினால் கவுண்டரில் இருப்பவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார். கரைக் கோயிலிலும் எனக்குச் சிவப்பு அட்டைதான். இங்கே பிறந்த தமிழர்களுக்கு இந்தியா என்றால் ஊர். பதினைந்து வருஷமாக நான் அவர்களுக்கு ஊர்க்காரர். பந்தியில் முதல் வரிசையில் உட்காரவைப்பார்கள், சார் என்பார்கள், இன்னொரு அப்பளம் போடுவார்கள். ஆனால் பாத்திரம் கழுவக் கூப்பிடமாட்டார்கள். பாத்திரம் கழுவக் கூப்பிட்டால்தான் நாம் அவர்களில் ஒருவர்.

அதனால்தான், செருப்பு போன மறுவாரம் வேலாயுதம் அண்ணன் வீட்டுக்கு வந்து, "சார், கோயிலைப் புதுசா எடுத்துக் கட்டப்போறோம். பிளான் நீங்கதான் போட்டுத் தரணும்," என்று சொன்னபோது நான் ஒரு நொடி கூட யோசிக்காமல் சரி என்றேன். வசந்தா அவருக்குப் போட்ட காபியை நான் எடுத்துக் குடித்துவிட்டேன்.

3

ஒரு மாதம் சனி ஞாயிறு எல்லாம் உட்கார்ந்து வரைந்தேன். கல் கருவறை, சின்ன ராஜகோபுரம், தண்ணீர் ஏறாமல் இருக்கத் தரையை நாலடி உயர்த்தி, கடல் பக்கம் ஒரு தடுப்புச் சுவர். இதற்கெல்லாம் எத்தனை காலக் கணக்கு என்று தனியாக யோசிக்கவே இல்லை. கை பழக்கத்தில் ஐம்பது வருஷம் போட்டது.

நில அலுவலகத்துக்கும் நான்தான் போனேன். கோயில் இருக்கும் நிலத்துக்கு வருஷா வருஷம் புதுப்பிக்கும் தற்காலிக அனுமதிதான் உண்டு. கவுண்டரில் இருந்த மலாய்க்காரர் நல்ல மனிதர், என் மலாய் மொழியைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். கட்டடம் எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டார். அன்று காலைதான் எங்கள் பொருளாளர் சரோஜா அக்கா, நன்கொடைக் கல்லில் வெட்டவேண்டிய வாசகத்தை என்னிடம் கொடுத்திருந்தார். சூரிய சந்திரர் உள்ளவரை இத்திருப்பணி நிலைத்திருக்க, என்று ஆரம்பிக்கும். வேறு எதுவும் வாயில் வராமல் நான் அதையே மலாயில் சொல்லிவைத்தேன். "செலாகி அடா பூலான் டான் மாத்தாஹாரி." அவர்களும் நிலா சூரியன் உள்ளவரை என்று அதே மாதிரி சொல்வார்களாம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மனம் விட்டுச் சிரித்தார். "போலே," என்றார். ஆகட்டும். "ஆனால் ஒவ்வொரு ஜனவரியும் வந்து ரினியூ பண்ணணும்."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ஒரே கோயில். நில அலுவலகத்துக்கு அதன் ஆயுள் ஒரு வருஷம். குருக்களுக்குப் பன்னிரண்டு, அதாவது அடுத்த கும்பாபிஷேகம் வரை. என் வரைபடத்துக்கு ஐம்பது. சரோஜா அக்காவின் கல்லுக்குச் சூரிய சந்திரர். இத்தனை கடிகாரத்தில் எதைப் பார்த்து நேரம் வைப்பது என்று யாரும் முடிவு செய்யவில்லை, எல்லோரும் அவரவர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

4

என் மகள் கயல்விழி பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறாள். ஊரை விட்டு வந்தபோது என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தவள். இப்போது இங்கிலீஷில் யோசித்து, மலாயில் சண்டை போட்டு, பசித்தால் மட்டும் தமிழில் பேசுகிறாள். கோயிலுக்கு அன்னதானம் உள்ள நாளில்தான் வருவாள். அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் வருஷத்துக்கு வருஷம் இடைவெளி கூடுகிறது என்பது வசந்தாவின் கவலை. எனக்கும்தான், நான் வெளியில் சொல்வதில்லை.

விடுமுறைக்கு வந்தவள் சாப்பாட்டு மேஜையில் கிடந்த வரைபடத்தைப் புரட்டினாள். பாராட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அப்பா, இது எத்தனை வருஷத்துக்கு?"

"ஐம்பது."

"கோயிலுக்கா? நம்ம பஸ் ஸ்டாப்புக்குப் போடற மாதிரி போட்டிருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்றது. கடல் உயர்வதைப் பற்றித்தான் அவள் அந்த வருஷம் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து ஒரு வரைகோட்டுப் படத்தை எடுத்துப் போட்டாள். காற்றில் புகை கூடுவதால் உலகம் சூடாகி, கடல் மெல்ல மெல்ல ஏறும் கோடு. இரண்டாயிரத்து நூறாம் வருஷத்தில் அந்தக் கோடு நின்றிருந்தது. நான் அளந்து பார்த்துவிட்டு, "நாலடி உயர்த்தியிருக்கேனே, போதுமே," என்றேன்.

"கோடு ஏன் அங்க நிக்குது தெரியுமா? பேப்பர் முடிஞ்சு போச்சுலா, அதான். கடல் அங்க நிக்காது."

பிறகு அவள் சொன்னதை நான் என் மொழியில் சொல்கிறேன். அன்னதானத்துக்கு விறகு அடுப்பில் சாம்பார் அண்டா வைப்பார்கள். விறகை வெளியே இழுத்த பிறகும் அது ரொம்ப நேரம் கொதிக்கும். கடல் அதைவிடக் கோடி மடங்கு பெரிய அண்டா. அடியாழம் சூடாகவே பல நூறு வருஷம். துருவத்துப் பனி உருகவும் அப்படித்தான். இன்றைக்கே உலகம் முழுவதும் புகையை நிறுத்தினாலும் கடல் ரொம்ப காலம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். நிறுத்தாவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதை நாமும் நம் பிள்ளைகளும் எவ்வளவு எரிக்கிறோம் என்பதுதான் முடிவு செய்யும். நாம் எரிப்பது சில பத்து வருஷம். அதனால் ஏறும் கடல் நிற்பது ஆயிரக்கணக்கான வருஷம்.

"அரசாங்கம் எல்லாம் உங்களை மாதிரிதான் அப்பா. அடுத்த ஐந்தாண்டுத் திட்டம், இல்லன்னா அந்தக் கோடு முடியற வருஷம். சுவர் எவ்வளவு உயரம்னு கேக்கறாங்க. கடைசியில எவ்வளவு கடல் வேணும், எந்த ஊரெல்லாம் இருக்கணும், அதை முதல்ல முடிவு பண்ணணும். அப்புறம் அங்கேருந்து பின்னால வந்து, இன்னைக்கு எவ்வளவு எரிக்கலாம்னு பாக்கணும். தெ அதர் வே அரவுண்ட்."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. கோயில் படியில் தண்ணீர் ஏறியதற்குக் கடல் மட்டும் காரணமில்லை, அந்தச் சேற்றில் படிக்கட்டே வருஷா வருஷம் அமிழ்ந்துகொண்டிருக்கிறது, அதுதான் பெரிய பங்கு, ஒரு படிக்கட்டை வைத்து உலகத்தை அளக்கக்கூடாது என்று எஞ்சினியராக வாதாடினேன். அவள் ஒப்புக்கொண்டாள்.

"கரெக்ட். இதுவரைக்கும் ஏறினது கொஞ்சம்தான். இனிமே ஏறப்போறதுதான் விஷயம். சரி, நிலமும் இறங்குது, கடலும் ஏறுது. நடுவுல அம்மனைக் கொண்டுபோய் கல்லு வச்சு நிரந்தரமா உக்கார வைக்கறீங்க. நல்ல பிளான்லா."

வசந்தா சமையலறையிலிருந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் வரைபடத்தைச் சுருட்டினேன். என் மகள் கோயிலைப் பற்றி என்னோடு முக்கால் மணி நேரம் சண்டை போட்டிருக்கிறாள் என்பது படுக்கப் போன பிறகுதான் உறைத்தது. அந்தச் சந்தோஷத்தில் தோற்றது அவ்வளவாக வலிக்கவில்லை.

5

கமிட்டியிடம் சொல்லத்தான் பயம். தள்ளிப்போடவும் முடியாது. கோயிலைப் பிரித்துக் கட்டுவதற்கு முன் பாலாலயம் செய்வார்கள். அம்மனின் சக்தியை மந்திரத்தால் கும்பத்து நீரில் இறக்கி, வேலை முடியும் வரை தனியாக வைத்துப் பூசை செய்வது. அந்தச் சமயத்தில் மட்டும்தான் அம்மனை வேறு இடத்துக்கு எடுத்துப் போகலாம். புதுக் கருவறையில் பீடத்தோடு இறுக்கும் மருந்து சாத்தி உட்காரவைத்துவிட்டால் அப்புறம் அசைக்க முடியாது. பாலாலயத்துக்கு நாள் குறிக்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமே.

தகரக் கொட்டகையின் கீழ் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். சரோஜா அக்கா வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்திருந்தார். கிள்ளான் பாசாரில், அதாவது சந்தையில், அவருடைய வடைக் கடைக்குத் தனி மரியாதை. கயல் வடைக்காகவே கூட வந்திருந்தாள். நான் எழுந்து நின்று, இந்தக் கரையில் கட்டினால் ஐம்பது வருஷம் நிற்கும், அதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல முடியாது, கடலும் ஏறும் நிலமும் இறங்கும், கடலிலிருந்து உள்ளே தள்ளி மேரு என்ற ஊர்ப் பக்கம் கமிட்டிக்கு ஒருவர் தருவதாகச் சொன்ன மேட்டு நிலத்தில் கட்டலாம் என்று சொல்லி முடித்தேன். ஒருவரும் வடையைக் கடிக்கவில்லை.

"சார், வருசா வருசம் கடல் அம்மாவைப் பாக்க வருது. நாம எழுந்து ஓடணுங்கறீங்களா," என்றார் வேலாயுதம் அண்ணன்.

"ஓடறதில்லைண்ணே. தள்ளி உக்காரறது."

"ஐம்பது வருசம் நிக்கும்னீங்க. எனக்கு அது போதும். நான் அதுக்கப்புறம் இருக்கப்போறதில்ல."

வரம்பு வைத்துக் கணக்குப் போட்டவனே நான்தான், அந்த வரம்பு தனக்குப் போதும் என்று ஒருவர் சொன்னால் எப்படி மறுப்பது. அப்போது பின்னாலிருந்து கயல் கேட்டாள்.

"உங்களுக்குப் போதும் அங்கிள். அம்மாவுக்கு? கல்லுல என்ன எழுதப்போறீங்க?"

சரோஜா அக்கா இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து உரக்கப் படித்தார். சூரிய சந்திரர் உள்ளவரை, என்று வந்ததும் அவரே நிறுத்திக்கொண்டார்.

"அப்ப 'ஐம்பது வருஷம் வரை'ன்னு மாத்திடுங்க அக்கா. அதுதான் உண்மை," என்றாள் கயல்.

"அப்படி வெட்டுனா எவன்லா நன்கொடை குடுப்பான்," என்றார் அக்கா. கொட்டகையே சிரித்தது. "மேரு என்ன, நல்ல பேருதான. சாமிங்க எல்லாம் குடியிருக்கிற மலை. அம்மா வேணாம்னா சொல்லப்போறா."

எல்லோரும் சிரித்தார்கள், வேலாயுதம் அண்ணனைத் தவிர. அவர் மெதுவாக எழுந்து, படிக்கட்டின் பக்கம் கையைக் காட்டினார்.

"தனத்தோட அஸ்தியை அங்கதான் கரைச்சேன். நாலாம் படியில உக்காந்து. பூசைக்கு வந்தா அவளையும் பாத்துட்டுப் போறேன். மேருவில நான் யாரைப் பாக்கறது."

தனலட்சுமி அவர் மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன் போனவர். துறைமுகக் கொட்டகைகளில் தேநீர் விற்று, அந்தக் காசில் கோயிலுக்கு முதல் மணியை வாங்கித் தந்தவர். எங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தலைவர் மனசு கோணி எதுவும் செய்யவேண்டாம், ஒரு வாரம் பொறுப்போம் என்று கூட்டம் கலைந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. வாசலில் வழியனுப்பும்போது எல்லோரும் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் கயல், "தப்பா சொல்லிட்டேனா அப்பா?" என்று தமிழில் கேட்டாள். இல்லை என்றேன். சொன்னது சரி, கேட்ட மனிதருக்குத்தான் அதை வைத்துக்கொள்ள இடமில்லை. தரங்கம்பாடியில் கோயில் சுவரில் உட்கார்ந்து கடலை கொறித்த கூட்டத்தில் ஒருவராவது இப்படி எழுந்து நின்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னேன். அவளுக்கு அது புரிந்ததா என்று தெரியாது, என் தோளில் லேசாக இடித்தாள்.

6

அந்த வாரம் முழுக்க வேலாயுதம் அண்ணன் கண்ணில் படவில்லை. வழக்கமாகச் சனிக்கிழமை காலை பாசாருக்குப் போகும் வழியில் எங்கள் கேட்டைத் தட்டி, ஒரு காபி குடித்து, அரசியல் பேசிவிட்டுப் போவார். அந்தச் சனிக்கிழமை வரவில்லை. வசந்தா இரண்டு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். எனக்கு ஆபீஸ் ஞாபகம் இல்லை. பதினைந்து வருஷமாகக் காத்திருந்து கிடைத்த உறவை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கெடுத்துக்கொண்டேன் என்றே நினைத்தேன். வரைபடம் போடாமலே இருந்திருக்கலாம். அப்பளத்தைத் தின்றுகொண்டு முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

ஞாயிறு காலை ஆபீஸ் வரைபடம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவர்தான். உள்ளே வரவில்லை.

"தம்பி, காரை எடுங்க. அந்த மேருவைப் பாத்துட்டு வருவோம். கயலையும் கூட்டிக்குங்க, அதான் பேசுச்சு."

அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் காரின் சாவியைத் தேடி வீட்டைப் புரட்டினேன். அது என் கையிலேயே இருந்தது.

மேருவில் அந்த நிலம் ஒரு பழைய ரப்பர்க் காட்டின் ஓரம். செம்மண் மேடு, உச்சியில் ஒரு தூங்குமூஞ்சி மரம். சுற்றிலும் புதுத் தொழிற்சாலைக் கூரைகள். லோரிகள் சத்தம் போட்டுக்கொண்டு போயின. கட்டக் கூடாத இடம் என்று ஒரு எஞ்சினியரும் சொல்லமாட்டான். வேலாயுதம் அண்ணன் மேட்டில் ஏறி, மேற்கே பார்த்து நின்றார். கடல் தெரியவில்லை. கூரைகளும் செம்பனைத் தோட்டங்களும் வெயிலும்தான் தெரிந்தன.

"கயலு. கடல் ஏறி ஏறி ஒரு நாள் இங்க வந்துடுமாம்மா?"

அவர் குரலில் இருந்த ஆசை எனக்குப் புரிந்துவிட்டது. வந்தால் தனலட்சுமியும் கூட வருவாரே. கயலுக்கும் புரிந்தது என்று நினைக்கிறேன். ஆறுதலாக ஏதாவது பொய் சொல்வாளோ என்று ஒரு நிமிஷம் பயந்தேன்.

"தெரியல அங்கிள். இப்ப எரிக்கற மாதிரியே எல்லாரும் எரிச்சுக்கிட்டே இருந்தா, ரொம்ப ரொம்ப காலம் கழிச்சு இந்த மேட்டுக்குக் கீழ வரைக்கும் கூட வரலாம். நாம பாக்கமாட்டோம். ஆனா இங்க வரணும்னா முதல்ல கிள்ளான் போகணும். பாசார், ஆஸ்பத்திரி, ஸ்கூல், ரயில் ஸ்டேஷன், உங்க மக வீடு. எல்லாத்து மேலயும் ஏறித்தான் இங்க வரும்."

"வராம இருக்க வழி இருக்கா?"

"இருக்கு. ஆனா இப்பவே செய்யணும். நீங்களும் நானும் உயிரோட இருக்கறப்பவே. அப்புறம் செஞ்சா கடலுக்குக் காது கேக்காது."

அவர் தலையை ஆட்டினார். கரைக் கோயிலின் படிக்கட்டு அங்கிருந்து எந்தத் திசையில் இருக்கும் என்று என்னிடம் கேட்டார், நான் கையைக் காட்டினேன். மோட்டார் சைக்கிளில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். லோரி குறுக்கே வராவிட்டால் அரை மணி என்றேன். தோள் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பாலாலயத்துக்கு வருகிற வெள்ளிக்கிழமையே நாள் பார்க்கும்படி குருக்களிடம் சொல்லச் சொன்னார். அன்று அன்னதானத்துக்கு ஆள் குறைவு, பாத்திரம் கழுவ நானும் வசந்தாவும் சீக்கிரமே வந்துவிடவேண்டும் என்றார். சரிண்ணே என்றேன்.

மேட்டிலிருந்து இறங்கும்போது கயலின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதி வழியில் நின்றார்.

"யாருகிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்ட எல்லாம் நீ சொல்லும்மா. தனம் இவ்வளவு தூரம் ஏறி வரவேணாம். நானே போய்ப் பாத்துக்கறேன்."